பச்சை ஒயில்

ஸ்ரீஸ்கந்தராசாவின் மின்சாரக் கார் இரத்தினவேலின் கராஜுக்குப் பின்னால், பழைய ரயர் குவியலுக்குப் பக்கத்தில், நாலு கிழமையாக நின்றது. ஒருத்தரும் தொடவில்லை. தொட மனம் வரவேண்டுமே! அந்தக் காரின் முன் சீற்றில் இருந்தபடியே ஒரு மனுசி செத்துப் போயிருக்கிறா.

மனுசியின் பெயர் கோணேஸ்வரி. ஸ்ரீஸ்கந்தராசாவின் பெண்சாதி. திருகோணமலைக்காரர், இப்போது கனடாவில், அஜக்ஸில் வீடு. அவவுக்கு இரண்டு கிட்னியும் போய், செவ்வாய், வியாழன், சனி என்று கிழமைக்கு மூன்று நாள் ஸ்காபரோ ஆஸ்பத்திரியில் டயலிசிஸ். ஏற்றி இறக்குவது புருசன்தான். ஜூலை மாதம் இரண்டாவது செவ்வாய், புழுக்கத்தோடு சேர்த்து நாற்பத்துமூன்று பாகை என்று ரேடியோக்காரன் கத்திக்கொண்டிருந்த நாளில், 401 ஹைவேயில் கார் நின்றது. சிவப்பு லைற் எரிந்தது, ஏசி நின்றது, எப்படியோ றோட்டுக் கரைக்கு ஒதுக்கிவிட்டார், அதற்குப் பிறகு காருக்கு உயிர் வரவில்லை. இழுத்துக்கொண்டு போகிற ட்ரக் வர ஒரு மணித்தியாலம் பத்து நிமிசம். "எனக்கு ஒண்டுமில்லை, ஏன் உப்பிடி அந்தரப்படுறியள்" என்று சொல்லிக்கொண்டிருந்தவ, ட்ரக் வருவதற்கு முதலே தலையைச் சாய்த்துவிட்டா. சனிக்குப் பிறகு செவ்வாய் வரைக்கும் உள்ள இடைவெளிதான் டயலிசிஸ்காரருக்குப் பொல்லாத இடைவெளி. மூன்று நாள் இரத்தம் கழுவப்படவில்லை, அதோடு அந்த வெக்கை. இருதயம் நின்றுவிட்டது.

இதுவே காணும், போதாதா? காணாதாம். மகள் யதுஷா அன்றைக்கே தன் போனில் காரின் கணக்கைத் திறந்து பார்த்திருக்கிறாள். பற்றரி பதினொரு வீதம் என்று காட்டியது. முதல் நாள் இரவு ஸ்ரீஸ்கந்தராசா சார்ஜ் வயரைக் கொழுவ மறந்ததும் உண்மைதான். பிரேதத்தை வைத்திருந்த மண்டபத்தில், சனம் வரிசையாக நிற்க, பிள்ளை தகப்பனைப் பார்த்து, "அம்மாவை ஏத்திக்கொண்டு போற காருக்கு நீங்கள் சார்ஜ் போடேல்லை" என்று சொன்னாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு தகப்பனோடு ஒரு சொல் இல்லை. ஒரே வீட்டில் மேலே அவள், கீழே அவர். சாப்பாட்டைக் கூட படியில் வைத்துவிட்டு வருவாராம்.

முப்பத்தோராம் நாள் சடங்குக்கு இரண்டு நாள் இருக்க, செவ்வாய் விடியக்காலமை அவர் மெக்கானிக் அருள்நாயகத்துக்குப் போன் எடுத்தார்.

"தம்பி, அந்தக் காரை ஒருக்காப் பார். சார்ஜாலையா நிண்டது? ஓம் எண்டால் ஓம் எண்டு சொல்லு. நான் தாங்குவன். தெரியாமல் இருக்கிறதைத்தான் தாங்கேலாமல் கிடக்கு. வியாழக்கிழமை அவளுக்குப் படையல் வைக்கேக்கை நான் ஆர் எண்டு எனக்குத் தெரியவேணும்."

"பாக்கிறன் அண்ணை. பின்னேரம் நேரிலை வந்து சொல்லுறன்" என்றான் அருள்நாயகம்.

இந்த அருள்நாயகம் மன்னார்க்காரன், கத்தோலிக்க வேதக்காரன், நாற்பத்துநாலு வயது. இரத்தினவேலின் கராஜில் பதினாலு வருசம். மின்சாரக் காரில் கை வைக்கிறதுக்குப் படித்துப் பாஸ் பண்ணினவன் அந்தக் கராஜில் அவன் ஒருத்தன்தான். அந்தச் சேர்டிபிக்கற்றை இரத்தினவேல் கண்ணாடிச் சட்டம் போட்டு கவுண்டருக்கு மேலே கொழுவி வைத்திருக்கிறார். வருகிற சனம் எல்லாம் அதை நிமிர்ந்து பார்க்கும். அருள்நாயகமும் போகவர ஒரு பார்வை பார்ப்பான். சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரன். அந்தக் கெட்டித்தனம் தனக்கு உண்டு என்று கொஞ்சம் கூடவே தெரிந்தவன்.

அன்றைக்கே காலமை ஏழு மணிக்குக் காரைத் தள்ளி உள்ளே எடுத்து ஸ்கானரைக் கொழுவினான். முதல் பதில் ஐந்து நிமிசத்தில் வந்துவிட்டது. நிற்கும்போது பற்றரியில் பதினொரு வீதம் இருந்திருக்கிறது. பதினொரு வீதம் என்றால் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்து, மிச்சத்தில் மீன் கடைக்கும் போகலாம். கார் சார்ஜ் இல்லாமல் நிற்கவில்லை. பெரிய பற்றரியின் கரண்ட் எங்கேயோ காரின் உடம்புக்குக் கசிகிறது என்று கண்டு, ஆளை அடித்துவிடுமோ என்ற பயத்தில், கார் தானே கரண்டை அறுத்துக்கொண்டு படுத்திருக்கிறது.

"அப்பாடா!" என்று வாய்விட்டே சொன்னான். உடனே போன் எடுத்துச் சொல்லியிருக்கலாம். அதோடு நின்றிருந்தால் அவன் நிம்மதியாக நித்திரை கொண்டிருப்பான். ஆனால் எங்கே கசிந்தது என்று கண்டுபிடிக்காமல் விட அவனுக்கு ஏலாது. அரைகுறைப் பதிலோடு அந்த வீட்டுப் படலையைத் தாண்டக்கூடாது என்று நினைத்தான். பாவி, நல்ல எண்ணத்தோடுதான் நினைத்தான்.

பற்றரியை வெட்டுகிற பிளக்கை இழுத்தெடுத்துவிட்டு, பத்து நிமிசம் பொறுத்து, தடித்த றப்பர் கையுறை போட்டு, மீற்றர் வைத்து உள்ளே கரண்ட் இல்லை என்று பார்த்துக்கொண்டான். பிறகு ஒவ்வொரு சாமானாகக் கழற்றித் தனித்தனியே சோதித்தான். சார்ஜர் சரி. ஹீற்றர் சரி. மோட்டர் வயர் சரி. கடைசியாக ஏசி கொம்பிரசர். அதன் வயருக்கும் கூட்டுக்கும் நடுவில் மீற்றரை வைத்து அழுத்தினான். இலக்கம் உயர நின்றது. கசிவு இல்லை. பாஸ்.

வேறு ஆள் என்றால் அந்த இடத்தில் குழம்பியிருப்பான். அருள்நாயகத்துக்கு ஒரு விசயம் தெரியும். கொம்பிரசர் குளிரில் ஒரு முகம் காட்டும், சூட்டில் வேறு முகம் காட்டும். பெயின்ற் காயவைக்கிற ஹீற் லாம்பை இழுத்துவந்து, கொம்பிரசருக்கு நேரே பிடித்துவிட்டு, போய்ச் சாப்பிட்டு வந்தான். திரும்ப மீற்றரை வைத்தான். இலக்கம் மளமளவென்று விழுந்து ஒன்றுக்குக் கீழே போய் நின்றது. நூறு தரம் வைத்தாலும் அதேதான்.

"பிடிச்சிட்டன்!" என்று கத்தினான்.

இரத்தினவேல் ஒபிசுக்குள் இருந்து தேத்தண்ணிக் கோப்பையோடு வந்தார். "கொம்பிரசரா? புதுசு மாதிரிக் கிடக்கு. ஏன் போனது?"

"அதைத்தான் பாக்கப் போறன்."

ஏசிக்குள் இருந்த குளிர் கேஸை மெசினில் இழுத்தெடுத்துவிட்டுக் குழாயைக் கழற்றினான். கொம்பிரசரைச் சரித்து, உள்ளே கிடக்கிற ஒயிலை ஒரு வெள்ளைத் தட்டில் வடித்தான். அது குடிக்கிற தண்ணி மாதிரி நிறமில்லாமல் தெளிவாக வரவேண்டும். வந்தது மஞ்சளும் பச்சையுமாக. லீக் பார்க்கிற நீல லைற்றைப் பிடித்தான். தட்டு முழுக்கப் பச்சையாகப் பளபளத்தது.

இதை விளங்கிக்கொள்ள மெக்கானிக்காக இருக்கத் தேவையில்லை. சாதாரணக் காரின் ஏசி கொம்பிரசரை பெல்ற் சுற்றுகிறது. அதற்கு என்ன ஒயில் விட்டாலும் கரண்டுக்கு ஒன்றும் இல்லை. மின்சாரக் காரிலோ மோட்டர் கொம்பிரசருக்கு உள்ளேயே இருக்கிறது. அதன் வயர்ச் சுருள் அந்த ஒயிலில்தான் குளிக்கிறது. ஆகவே கரண்டைக் கடத்தாத ஒயில் மட்டும்தான் விடலாம். மற்ற ஒயில் கொஞ்சம் போனாலும் காணும், மாதக் கணக்கில் இருந்து கெடுத்துக் கடைசியில் காரைப் படுக்க வைத்துவிடும். படிப்பில் முதல் நாள், முதல் மணித்தியாலம் சொல்லித் தருகிற பாடம் இது. பொனற்றுக்கு உள்ளே ஸ்ரிக்கரிலும் எழுதி ஒட்டியிருக்கிறது.

"எந்த மடையன் உதுக்குள்ளை சாதாரண ஒயில் விட்டது?" என்றார் இரத்தினவேல்.

அருள்நாயகம் தட்டைப் பார்த்தபடி நின்றான்.

மே மாதம் கடைசி ஞாயிறு. றூஜில் அவன் வீட்டில் சின்னவள் ஷரோனுக்கு முதல்நன்மை. வீடு நிறையச் சனம், ட்ரைவ்வேயில் கூடாரம், அவன் கையில் ஒரு கிளாஸ். ஸ்ரீஸ்கந்தராசா குடும்பம் வந்து இறங்கினது. கோணேஸ்வரி அக்காவின் முகம் வேர்த்துக் கறுத்துப் போயிருந்தது. "அருள், ஏசி காணாது தம்பி. வெறும் காத்துத்தான் வருது. ஒருக்காப் பாரன்" என்றார் ஸ்ரீஸ்கந்தராசா.

எங்கடை சனத்தின் பழக்கம் தெரியும்தானே. விசேச வீட்டில் டொக்டரைக் கண்டால் எக்ஸ்ரேயை நீட்டுவார்கள். மெக்கானிக்கைக் கண்டால் பொனற்றைத் திறப்பார்கள். திறக்கிறவர்களில் பிழை இல்லை. திறந்ததைப் பார்த்து, "செவ்வாய்க்கிழமை கராஜுக்குக் கொண்டு வாங்கோ அண்ணை, அங்கைதான் சரியான மெசின் இருக்கு" என்று ஒரு வசனம் சொல்ல இவனுக்கு வாய் வரவில்லை. சொன்னால் என்ன நினைப்பார்கள்? பெரிய ஆள் ஆகிவிட்டான், எங்களையும் கஸ்ரமராக்கிவிட்டான் என்று நினைப்பார்களாம். சுற்றி நின்ற நாலு பேர் வேறு, "அருள் எண்டால் ரண்டு நிமிச வேலை" என்று ஏற்றிவிட்டார்கள்.

வீட்டுக் கராஜின் றாக்கைத் தட்டில் ஒரு பழைய தகரக் கான் கிடந்தது. முந்தி வைத்திருந்த பெற்றோல் காருக்கென்று அமெரிக்காவுக்கு, பஃபலோ போன நேரம் வாங்கி வந்தது. கேஸும், ஒயிலும், லீக் பார்க்கிற பச்சைச் சாயமும் ஒன்றாகக் கலந்த கான். அதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து பொனற்றுக்குள் குனிந்தபோது அந்த ஸ்ரிக்கரைக் கண்டான். கண்டது மட்டுமில்லை, வாசித்தான். வாசித்துப்போட்டு, 'ஒரு கொஞ்சம்தானே, என்ன செய்யப் போகுது' என்று நினைத்தான். உள்ளேயிருந்து பெண்சாதி அன்ரனெற், "கேக் வெட்டப் போறம், வாறியளா இல்லையா?" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தா. ஹோஸைக் கொழுவி கானைத் திருகினான். ரண்டு நிமிச வேலைதான்.

காற்று ஐஸாக வந்தது. கோணேஸ்வரி முன் சீற்றில் ஏறியிருந்து, முகத்தை நேரே அந்தக் காற்றுக்குக் கொடுத்து, கண்ணை மூடினா. "நல்லா இருப்பாய் தம்பி. மடு மாதா உன்னைக் கைவிட மாட்டா" என்றா. சைவக்காரி, அவனுக்காக மாதாவைக் கூப்பிட்டா.

இன்னும் ஒன்று. ஜூன் கடைசியில் ஸ்ரீஸ்கந்தராசா போன் எடுத்து, சிவப்பாக ஒரு லைற் எரிந்து அணைந்தது என்று சொன்னார். "ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்கோ அண்ணை. இப்ப எரியுதா?" "இல்லை." "பிறகென்ன!" என்று வைத்துவிட்டான். அப்போது அவன் ஒரு லொறியின் பிரேக்குக்குக் கீழே படுத்திருந்தான். அந்த லைற் அவனைத்தான் கூப்பிட்டிருக்கிறது.

"என்னடாப்பா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறாய்?" என்றார் இரத்தினவேல்.

"நான்தான் அண்ணை" என்றான்.

"என்ன நீதான்?"

"ஒயில் விட்ட மடையன்."

முழுவதையும் சொன்னான். இரத்தினவேல் கோப்பையைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் கவுண்டர்ப் பக்கம் பார்த்தார், அந்தக் கண்ணாடிச் சட்டத்தைத்தான் பார்த்திருப்பார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இஞ்சை பார். அந்தாள் கேட்டது சார்ஜா இல்லையா எண்டு. இல்லை. கொம்பிரசர் பழுது. ரண்டும் உண்மை. அதோடை நிப்பாட்டு. தகப்பனும் மகளும் கதைச்சுக்கொள்ளுவினம், மனுசி திரும்பி வரப் போறேல்லை. உனக்கும் ரண்டு பிள்ளையள் இருக்கு" என்றார்.

அதில் ஒரு பொய்யும் இல்லை என்பதுதான் கொடுமை. அருள்நாயகம் பச்சை ஒயிலை ஒரு போத்தலில் ஊற்றி மூடினான். எறிய மனம் வரவில்லை, ஏன் வைத்திருக்கிறான் என்றும் தெரியவில்லை. அஜக்ஸ் போகும் வரைக்கும் காருக்குள் அந்த வசனத்தைச் சொல்லிச் சொல்லிப் பழகினான். கொம்பிரசர் பழுதாப் போச்சு அண்ணை. கொம்பிரசர் பழுதாப் போச்சு. 401இல் அவர்கள் நின்ற இடத்தைக் கடக்கும்போது வாய் தானாக நின்றது. கடந்த பிறகு திரும்பத் தொடங்கினான்.

ஆறு மணி வெயில் முதுகைச் சுட்டது. கதவைத் திறந்தவுடன் உள்ளே குளிர். ஹோலில் கோணேஸ்வரியின் படம், மாலை, விளக்கு. வியாழக்கிழமைக்கு வாங்கின அரிசி மூட்டையும் வாழையிலைக் கட்டும் சுவரோடு கிடந்தன. ஸ்ரீஸ்கந்தராசா நாலு கிழமையில் பாதியாகிவிட்டார். சேட்டுக்குள் ஆளைத் தேடவேண்டும்.

"இரு தம்பி" என்றார். தான் இருக்கவில்லை. தீர்ப்புக் கேட்கிறவன் மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "சொல்லு."

"சார்ஜாலை நிக்கேல்லை அண்ணை."

"என்ன?"

"சார்ஜ் காணும் காணும் எண்டு இருந்திருக்கு. நீங்கள் வயர் கொழுவாமல் விட்டதாலை ஒண்டும் நடக்கேல்லை. ஏசி கொம்பிரசர் பழுதாப் போய், அதாலைதான் கார் தன்னைத் தானே நிப்பாட்டினது. நீங்கள் முழுசாச் சார்ஜ் போட்டிருந்தாலும் அதே இடத்திலை நிண்டிருக்கும்."

"இன்னொருக்காச் சொல்லு."

சொன்னான். மூன்றாம் தரமும் சொல்லவைத்தார். பிறகு கதிரையைத் தடவிப் பிடித்து இருந்து, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்தி அழுதார். ஐயோ, அந்த அழுகை! செத்தவீட்டில் கூட அவர் அப்படி அழவில்லை. அங்கே அழ உரிமை இல்லை என்று நினைத்திருந்தார் போல. எழும்பி வந்து அருள்நாயகத்தின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பிடித்தபடியே மேலே பார்த்துக் கூப்பிட்டார். "யதுஷா! பிள்ளை! இஞ்சை வா. அருள் அங்கிள் சொல்லுறதைக் கேள்."

மேலே கதவு திறந்தது. யதுஷா பாதிப் படி வரைக்கும் இறங்கி வந்து நின்றாள். இருபத்திரண்டு வயதுப் பிள்ளை. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அருள்நாயகம் நாலாம் தரமும் சொன்னான்.

"ஆர் யூ ஷுவர், அங்கிள்?"

"ஓம் பிள்ளை. மீற்றர் வைச்சுப் பாத்தனான்."

அவள் படிக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள். தகப்பனைப் பார்த்தாள், பார்வையைத் திருப்பிக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "கொம்பிரசர் ஏன் பழுதாப் போனது?"

அருள்நாயகத்துக்குப் பழகி வந்த வசனம் அதோடு முடிந்துவிட்டது. 'பழசாப் போச்சு பிள்ளை' என்று சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் தகப்பன் முந்திக்கொண்டார்.

"செய்து விக்கிறவங்களின்ரை பிழை பிள்ளை, வேறை என்ன! அந்தக் காரிலை ஒருத்தரும் கை வைச்சது இல்லை. அருள் மட்டும்தான். மே மாசம் இவன் கேஸ் அடிச்சுவிட்டபடியால்தான் கொம்மா கடைசி ஒண்டரை மாசமாவது குளிரா இருந்து போனவ. ஒவ்வொரு நாளும் காரிலை ஏறியிருந்து இவனைத்தான் வாழ்த்துவா." அவர் இன்னும் கையை விடவில்லை.

அது தாங்கவில்லை. என்ன சொன்னாலும் தாங்கியிருப்பான், அது தாங்கவில்லை.

"அந்தக் கேஸாலைதான் அண்ணை" என்றான்.

அவருக்கு விளங்கவில்லை. "என்ன தம்பி?"

"நான் அடிச்ச கானுக்குள்ளை ஒயிலும் இருந்தது. மின்சாரக் காருக்குப் போடக்கூடாத ஒயில். அதுதான் கொம்பிரசரைத் திண்டது. எனக்குத் தெரியும். போடக்கூடாது எண்டு எழுதியிருந்ததை வாசிச்சுப்போட்டுத்தான் போட்டனான். கொஞ்சம்தானே எண்டு போட்டனான்."

ஏசி ஊதுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஸ்ரீஸ்கந்தராசாவின் கை அவன் கையில் அப்படியே இருந்தது, பிடி மட்டும் இல்லை.

"லைற் எரியுது எண்டு நான் உனக்குப் போன் எடுத்தனான்" என்றார், மெதுவாக.

"ஓம் அண்ணை."

"பிறகென்ன எண்டு சொன்னனீ."

"ஓம்."

கையை எடுத்துக்கொண்டார். பின்னுக்குப் போய்க் கதிரையில் இருந்தார். படத்தைப் பார்க்கவில்லை, இவனையும் பார்க்கவில்லை, வாழையிலைக் கட்டைப் பார்த்தார்.

யதுஷா மிச்சப் படியையும் இறங்கினாள். அருள்நாயகத்தைத் தாண்டிப் போனாள், ஒரு கதவைத் தாண்டுகிற மாதிரி. தகப்பனின் காலடியில் நிலத்தில் இருந்து, அவர் முழங்காலில் தலையை வைத்து, "அப்பா" என்றாள். நாலு கிழமையில் முதல் சொல். அவர் அவளின் தலையில் கையை வைத்தார்.

அவன் ஏச்சுக்குக் காத்துக்கொண்டு நின்றான். அடித்திருந்தாலும் வாங்கியிருப்பான். பொலிசுக்குச் சொல்லுவன் என்றிருந்தால் தானே போன் நம்பரை அழுத்திக் கொடுத்திருப்பான். ஒருத்தரும் அவன் பக்கம் திரும்பவில்லை. அந்த வீட்டில் அவனுக்கு இனி ஒரு வேலையும் இல்லை என்று விளங்க அவனுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. வாசலுக்குப் போய்ச் சப்பாத்தைப் போட்டான். கயிறு கட்டாமல் அப்படியே விட்டான். கதவைத் திறந்ததும் வெக்கை முகத்தில் அடித்தது.

"அருள்."

சட்டென்று திரும்பினான். ஸ்ரீஸ்கந்தராசா நிமிரவில்லை. மகளின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"கதவை இறுக்கிச் சாத்திப்போட்டுப் போ. ஏசி ஓடுது."